காலின் ஆழத்தைக் காட்டிய படம்

(வெள்ளி விழா இரண்டாம் நாள் அமர்வில் ஆற்றிய உரை)



நேற்றும் இன்று காலையும் இம்மேடையில் பேசியோர் கல்வி உதவித்தொகை, போட்டித் தேர்வுகள், வேலைவாய்ப்பு ஆகியவற்றைக் குறித்துச் சிறப்புற எடுத்துரைத்தனர். அவற்றையே மீண்டும் கூறி உங்கள் பொறுமையைச் சோதிக்க நாம் விரும்பவில்லை. நாம் எடுத்துக்கொண்ட பொருள் கால். இன்னும் குறிப்பாகச் சொல்லப்போனால், காலின் இரத்தக் குழாய்களில் தோன்றும் நோயும், அதனைக் கண்டறிய மருந்து செலுத்தி எடுக்கப்பெறும் படமும் ஆகும். வரலாற்றில் இளங்கலையும் அதன்பின் கல்வியியலும் பயின்ற ஒரு தலைமையாசிரியர் மருத்துவத்தைப் பற்றிப் பேசலாமா என்று சிலர் எண்ணக்கூடும். மருத்துவம் செய்யலாகாது, பேசலாம். இந்த அவையில் இருப்போரில் நின்றே பிழைப்பவர் எத்தனை பேர் என்று சுற்றிப் பாருங்கள். துணிக்கடையில் நிற்போர், நூற்பாலையில் நிற்போர், பேருந்தில் நடத்துநராய் நிற்போர், விடுதிச் சமையற்கட்டில் நிற்போர், நம்மைப் போல் கரும்பலகை முன் நிற்போர் எனப் பாதிக்கு மேல் தேறும். ஆதலின் இப்பொருள் இவ்விழாவிற்குப் புறம்பானதன்று.

முதற்கண் ஒரு சொல்லைச் சீர்செய்து கொள்வோம். கெண்டைக்காலில் நீலமாய்ப் புடைத்துச் சுருண்டு கிடப்பதை நம் ஊர்களில் 'நரம்பு சுருட்டல்' என்கிறோம். அது நரம்பன்று. நரம்பு என்பது உணர்ச்சியையும் ஏவலையும் கொண்டு செல்வது. சுருண்டு கிடப்பதோ இரத்தக் குழாய். அதிலும் இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியன்று, இதயத்திற்குத் திருப்பிக் கொண்டு செல்லும் சிரை. ஒரு சொல்லில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். 'நரம்புக் கோளாறு' என்று தாமே முடிவு செய்து, நரம்பு வைத்தியரைத் தேடிச் சென்று, மாதக் கணக்கில் மாத்திரை விழுங்கியவர்களை நாம் கண்டிருக்கிறோம். பெயர் தவறினால் வாசலும் தவறிவிடுகிறது.

காலின் சிரைகளுக்கு விதிக்கப்பட்ட வேலை கடினமானது. கணுக்காலிலுள்ள இரத்தம் இதயத்தை அடைய வேண்டுமாயின் நான்கடி உயரம் மேலேற வேண்டும். கீழே தள்ளுவதற்குத் தனியாக ஓர் இதயம் இல்லை. நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகிச் சிரைகளைப் பிழிகிறது. பிழியப்பட்ட இரத்தம் மேலே செல்கிறது. மேலே சென்றது மீண்டும் கீழிறங்காவண்ணம் சிரையினுள்ளே சிறு கதவுகள் போன்ற தடுக்கிதழ்கள் உள்ளன. இத்தாலியின் பதுவா நகரில் பேராசிரியராயிருந்த ஃபப்ரீசியஸ் 1603இல் இவற்றைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார். ஆயினும் இவை எதற்காக உள்ளன என்பதை அவருடைய மாணவர் வில்லியம் ஹார்வியே 1628இல் சரியாக விளக்கினார். மாணவர் ஆசிரியரை விஞ்சுவது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்திதான்.

ஒரே இடத்தில் நெடுநேரம் நிற்பவருக்கு அந்தத் தசை பிழிவதில்லை. இரத்தம் தேங்குகிறது, சிரை விரிகிறது, விரிந்த சிரையில் கதவிதழ்கள் ஒன்றையொன்று தொடாமல் விலகி நிற்கின்றன. குடும்ப வழியும், மகப்பேறும், வயதும், உடற்பருமனும் இதற்குத் துணை செய்கின்றன. நிற்பது ஒன்றே காரணம் என்று கூறினால் அது பிழை. நிற்பதற்குப் பங்கே இல்லை என்று கூறினாலும் பிழை.

இனி நாம் சொல்ல வந்ததன் மையத்திற்கு வருவோம். காலில் சிரைகள் ஈரடுக்காக அமைந்துள்ளன. தோலுக்கடியில் கண்ணுக்குத் தெரிபவை மேற்சிரைகள். தசைகளுக்கு நடுவே மறைந்து கிடப்பவை ஆழ்சிரைகள். மேலேறும் இரத்தத்தில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கைச் சுமப்பவை ஆழ்சிரைகளே. மேற்சிரை புடைத்துச் சுருண்டு காணப்படுவதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். அதன் கதவிதழ்களே கெட்டுப் போயிருக்கலாம். அல்லது உள்ளே ஆழ்சிரையில் இரத்தம் உறைந்து கட்டியாகி வழியை அடைத்துவிட, போக்கிடமற்ற இரத்தம் மேற்சிரைக்குத் திரும்பி அதனை வீங்கச் செய்திருக்கலாம். வெளிப்பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் முதலாவதில் அந்தச் சிரையை அகற்றினால் நோயாளி நலம் பெறுகிறார். இரண்டாவதில் அகற்றினால், பெருஞ்சாலை அடைபட்ட ஊரில் எஞ்சியிருந்த சந்தையும் தூர்த்தது போலாகும். கால் முன்னினும் வீங்கிப் புண்ணாகும். ஆகவே கத்தியை எடுக்குமுன் ஆழத்தில் இருப்பது இன்னதென்று அறிய வேண்டும். கண்ணாற் காண முடியாததைக் காண்பது எங்ஙனம்?

பத்தொன்பதாம் நூற்றாண்டின் மருத்துவர்கள் இதற்குக் கயிற்றையும் கட்டையுமே நம்பினர். ஜெர்மானிய அறுவை மருத்துவர் டிரெண்டலன்பர்க், நோயாளியைப் படுக்க வைத்துக் காலை உயர்த்தி, இரத்தம் வடிந்தபின் தொடையில் கட்டுப் போட்டு, எழுந்து நிற்கச் செய்து, கட்டை அவிழ்த்தவுடன் இரத்தம் மேலிருந்து எவ்வளவு விரைவாகப் பாய்ந்து நிரம்புகிறது என்று பார்த்தார். பெர்த்தஸ் என்பார் கட்டோடு நடக்கச் சொன்னார். நடக்க நடக்க வலி மிகுந்து சிரையும் புடைத்தால் ஆழ்வழி அடைபட்டுள்ளது என்று கருதினார். இன்றும் மருத்துவக் கல்லூரியில் மாணவர்கள் இவற்றைக் கற்கிறார்கள். காசில்லாத சோதனைகள், அறிவுள்ள சோதனைகள். எனினும் இவை ஊகமே. எந்த இடத்தில் எவ்வளவு நீளத்திற்கு அடைப்பு என்பதை இவை கூறமாட்டா.

1895 நவம்பரில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டறிந்தார். எலும்பு நிழலாய் விழுந்தது. இரத்தக் குழாய் விழவில்லை. தசையும் இரத்தமும் கதிருக்கு ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றுவதே காரணம். கதிரைத் தடுக்கும் ஒரு பொருளைக் குழாய்க்குள் செலுத்தினால் குழாயின் உருவம் தெரியுமன்றோ? இக்கருத்துத் தோன்ற அதிக நாள் ஆகவில்லை. 1896 ஜனவரியிலேயே வியன்னாவில் ஹாஷெக், லிண்டந்தால் என்னும் இருவர், துண்டிக்கப்பட்ட கை ஒன்றின் குழாய்களில் சுண்ணாம்பும், நம் சித்த மருத்துவர்கள் சாதிலிங்கம் என வழங்கும் பாதரசச் சேர்மமும், பெட்ரோலியமும் கலந்த குழம்பை ஏற்றிப் படமெடுத்தனர். படமெடுக்க 57 நிமிடங்கள் ஆயின. விரல் நுனி வரை குழாய்கள் கிளை பரப்பித் தெரிந்தன. ஆனால் அக்குழம்பை உயிருள்ள மனிதருக்கு ஏற்றினால் அவர் பிழைக்கமாட்டார்.

உயிருள்ளவர் தாங்கக்கூடிய பொருளைத் தேடவே அடுத்த கால் நூற்றாண்டு கழிந்தது. 1923இல் பெர்பெரிஷ், ஹிர்ஷ் என்போர் ஸ்ட்ரான்சியம் புரோமைடையும், 1924இல் அமெரிக்காவில் புரூக்ஸ் சோடியம் அயோடைடையும் பயன்படுத்தினர். அயோடினே வென்றது. நாம் உப்பில் உண்ணும் அதே அயோடின்தான். அதன் அணு எடை மிகுந்தது, கதிரை நன்கு தடுக்கிறது. இடையில் தோரோட்ராஸ்ட் என்னும் தோரியம் கலவை ஒன்றும் புழக்கத்திற்கு வந்தது. படம் அருமையாக விழுந்தது; நோயாளிக்கு வலியும் இல்லை. ஆனால் தோரியம் கதிரியக்கமுடையது. உடலை விட்டு வெளியேறாமல் கல்லீரலில் தங்கிவிட்டது. பல ஆண்டுகள் கழித்து அவ்வாறு படமெடுத்துக்கொண்டவர்களிடையே கல்லீரல் புற்றுநோய் தோன்றியபின்னரே அதனைக் கைவிட்டனர். வலியில்லாதது தீங்கற்றது என்று கொள்ளலாகாது என்பதற்கு இதனினும் கொடிய சான்று மருத்துவ வரலாற்றில் அரிது.

கால் சிரைகளுக்கு முறையான படத்தை வகுத்தவர் போர்ச்சுகல் நாட்டின் லிஸ்பன் நகரைச் சேர்ந்த ஜுவாவோ சித் தோஸ் சான்தோஸ். அவருடைய தந்தை ரெய்னால்டோ 1929இல் வயிற்றிலுள்ள பெருந்தமனியைப் படமெடுத்துக் காட்டியவர். தந்தை தமனியைக் காட்ட, மகன் 1938இல் சிரையைக் காட்டினார். அதற்கு இரண்டாண்டுகளின் பின் 1940இல் சுவீடன் மருத்துவர் குன்னர் பவுயர், இப்படங்களைக் கொண்டு ஆழ்சிரையில் உறைகட்டி எங்கே தோன்றி எங்ஙனம் மேல்நோக்கி வளர்கிறது என்பதை ஆராய்ந்து ஒரு நூல் எழுதினார். பெரும்பாலும் கெண்டைக்காலிலேயே அது தொடங்குகிறது என்று கண்டார். தொடக்கத்திலேயே படத்தில் கண்டு, இரத்தம் உறையாதிருக்க ஹெப்பாரின் மருந்தைக் கொடுத்தால் கட்டி வளர்வதையும் நுரையீரலுக்குத் தாவுவதையும் தடுக்கலாம் என்று செய்தும் காட்டினார். அதுவரை இறந்தபின் உடலை அறுத்தே பெரும்பாலும் உறுதி செய்யப்பட்ட ஒரு நோய், உயிரோடு இருக்கும்போதே கண்ணுக்குப் புலப்பட்டது. நாம் இதனைப் பெரிதாகக் கருதுகிறோம்.

இப்படம் எடுக்கும் முறையைச் சற்று விரிவாகக் கூறுவோம். கேட்டவர்களுக்கு அச்சம் நீங்கும். 1972இல் ராபினோவ், பாலின் என்னும் இருவர் வெளியிட்ட கட்டுரைக்குப் பின் இம்முறை பெரும்பாலும் ஒரே சீராயிற்று. சாய்க்கத்தக்க மேசையில் நோயாளியைப் படுக்க வைத்துத் தலைப்பக்கத்தை உயர்த்துவர். உடல் எடை முழுவதையும் நோயற்ற கால் ஒரு கட்டையின்மேல் தாங்கும். சோதிக்கும் கால் சும்மா தொங்கும். அந்தக் காலை ஊன்றினால் தசை இறுகிச் சிரையைப் பிழிந்துவிடும். மருந்து நிரம்பாத இடத்தை அடைப்பு என்று தவறாகக் கொள்ள நேரும். பின்பு பாதத்தின் மேற்புறச் சிரையில் மெல்லிய ஊசியைச் செருகி மருந்தை மெதுவாகச் செலுத்துவர். அது இரத்தத்தைவிடக் கனமானது. ஆதலின் குடத்தில் நீர் நிரம்புவது போல் அடியிலிருந்து மேலாக ஏறும். கணுக்கால், கெண்டைக்கால், முழங்கால், தொடை என ஒவ்வொரு நிலையிலும் படமெடுப்பர். முடிந்தபின் உப்புநீர் செலுத்திச் சிரையைக் கழுவிவிட்டு, காலை உயர்த்திப் பாதத்தை அசைக்கச் சொல்வர்.

இம்மருந்தை மருத்துவமனைகளில் காண்ட்ராஸ்ட் என்கிறார்கள். வெளியே பேசும்போது 'டை போட்டு எடுக்கும் படம்' என்கிறோம். சாயம் என்ற பெயர் இருப்பினும் அதற்கு நிறமில்லை. தண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். ஆகவே உடம்பெல்லாம் கறை பிடித்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை.

படத்தில் நல்ல சிரை வெண்ணிறக் கோடாகத் தெரியும். கதவிதழ் உள்ள இடங்களில் மூங்கிற் கணுப்போல் சற்றே புடைத்திருக்கும். உறைகட்டி உள்ள இடம் வெண்மைக்கு நடுவே கருமையான இடைவெளியாகத் தெரியும். அதன் இருபுறமும் மெல்லிய வெள்ளைக்கோடு ஓடும். எனினும் ஒரு படத்தில் மட்டும் இடைவெளி தெரிந்தால் போதாது. வெவ்வேறு கோணத்தில் எடுத்த இரண்டு படங்களிலேனும் அதே இடைவெளி அதே இடத்தில் காணப்பட வேண்டும். அப்போதுதான் அது கட்டி என்று எழுதுவர். வகுப்பில் ஒருவன் சொல்லைக் கேட்டு மற்றவனைத் தண்டிக்கும் ஆசிரியர்கள் இதனைக் கவனிக்க. நாமும் ஆசிரியரே, ஆதலால் சொல்லும் உரிமை உண்டு.

மேலிருந்து கீழாகப் பார்க்கும் முறையும் உண்டு. தொடையிடுக்கில் உள்ள சிரையில் மருந்தைச் செலுத்தினால், கதவிதழ்கள் நல்லனவாயின் அது கீழே இறங்காது. கெட்டுப் போயிருந்தால் தொடை வரைக்குமோ, முழங்கால் வரைக்குமோ, கணுக்கால் வரைக்குமோ வழிந்திறங்கும்; எவ்வளவு தூரம் இறங்குகிறது என்பதே நோயின் அளவு.

இம்முறைக்குக் குறைகள் இல்லாமலில்லை. பழைய அயோடின் மருந்துகள் இரத்தத்தைவிடப் பன்மடங்கு செறிவானவை. செலுத்தும்போது கால் எரிந்தது. சிலருக்கு, கட்டியைக் கண்டறியச் செலுத்திய மருந்தே புதிய கட்டியை உண்டாக்கிற்று. சுவீடன் நாட்டுக் கதிர்ப்பட மருத்துவர் டார்ஸ்டன் ஆல்மேன், நோயாளிகள் வலியால் துடிப்பதைக் கண்டு, செறிவைக் குறைத்தால் வலி குறையும் என்று கருதி, மின்னேற்றமில்லாத அயோடின் மூலக்கூறுகளைச் செய்யும் வழியை 1969இல் எழுதினார். அவருடைய கருத்தின் வழிப் பிறந்த மருந்துகளே இன்று எங்கும் வழங்குகின்றன. நோயாளி முனகுவதைக் கேட்டும் கேளாதவர்போல் இருந்துவிடாமல், அது ஏன் என்று கேட்ட ஒருவரால் உலகெங்கும் கோடிக்கணக்கானோர் பயன்பெற்றுள்ளனர்.

இன்று கால் வீங்கிய ஒருவர் மருத்துவமனைக்குச் சென்றால் முதலில் இந்தப் படத்தை எடுப்பதில்லை. ஒலியலையால் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் அதன் இடத்தைப் பெற்றுவிட்டது. அதன் கருத்து மிக எளிது. தோலின்மேல் பசை தடவிக் கருவியை வைத்து அழுத்துவர். நல்ல சிரை அழுத்தத்திற்குத் தட்டையாகிவிடும். உள்ளே கட்டி இருந்தால் தட்டையாகாது. இதனை 1980களில் பலர் எழுதினர். 1989இல் ஐரோப்பிய மருத்துவர்கள் ஒரே நோயாளிகளுக்கு இரண்டு சோதனைகளையும் செய்து ஒப்பிட்டனர். தொடையிலும் முழங்காலிலும் உள்ள கட்டிகளைப் பொறுத்தவரை அழுத்திப் பார்க்கும் முறை மருந்துப் படத்தோடு ஏறத்தாழ முற்றிலும் ஒத்துவந்தது. புதியதை அளக்கப் பழைய படமே அளவுகோலாக நின்றது என்பதை மறத்தலாகாது. அந்த அளவுகோல் இல்லையேல் ஒலியலையை நம்பியிருக்க யாரும் துணியார்.

இந்தச் சோதனையைத் தொடாமல் செய்ய வழியில்லை. நோயாளியின் தொடையிலிருந்து கணுக்கால் வரை விரற்கடைதோறும் கருவியை வைத்து அழுத்த வேண்டும். கெண்டைக்காலைக் கையால் பிழிய வேண்டும். இவ்விடத்தில் ஒன்றைக் குறிப்பிடாமல் மேற்செல்ல மனம் ஒப்பவில்லை. கத்தியவாரில் தீண்டப்படாத வகுப்பைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியரின் மனைவி, பிள்ளை பெற்ற சில நாட்களில் நோயுற்றார். அழைக்கப்பட்ட மருத்துவர் சேரிக்குள் வர மறுத்து, நோயாளியை வெளியே கொண்டுவரச் செய்து, வெப்பமானியை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவியிடம் கொடுத்து, அதே வழியில் திரும்பப் பெற்று விளக்கொளியில் பார்த்துவிட்டு நோய் இன்னதென்று சொல்லிச் சென்றார். அந்தப் பெண் இறந்தார். 1929 டிசம்பரில் 'யங் இந்தியா' இதழில் அந்த ஆசிரியரின் கடிதம் வெளிவந்தது. அண்ணல் அம்பேத்கர் அதனைத் தம் எழுத்தில் எடுத்துக் காட்டியுள்ளார். கணவர் ஓர் ஆசிரியர் என்பது நம் நெஞ்சை விட்டு அகல்வதில்லை.

மூன்றாண்டுகளுக்கு முன் நம் இடக் கணுக்காலின் உட்புறத்தில் தோல் கறுத்து அரிப்பெடுத்தது. முதலில் சென்ற தனியார் நிலையம் ஒன்றில் காலைத் தொட்டும் பாராமல், டை போட்ட சி.டி. ஸ்கேன் எடுக்குமாறு சீட்டு எழுதித் தந்தனர். தொகையைக் கேட்டபின் அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். அங்கிருந்த இளம் பெண் மருத்துவர் நம்மைப் படுக்க வைக்காமல் ஒரு முக்காலியின்மேல் நிற்க வைத்தார். "சார், வெயிட்டை அந்தக் கால்ல போடுங்க, இந்தக் கால் லூசா இருக்கட்டும்" என்றார். 1972இன் அதே விதி! கெண்டைக்காலை ஒருமுறை பிழிந்து விட்டார். திரையில் இரத்தம் மேலே சென்று, விட்டதும் கீழே திரும்பி வந்தது. அரை நொடிக்கு மேல் மேற்சிரையில் பின்னோக்கி ஓடினால் கதவு கெட்டுவிட்டது என்று பொருளாம். ஆழ்சிரை நன்றாக உள்ளது. டை எதுவும் வேண்டா என்று எழுதிக் கொடுத்தார். செலவு, போய்வந்த பேருந்துக் கட்டணம் மட்டுமே.

அவ்வாறாயின் மருந்துப் படம் பழங்கதையாகிவிட்டதா? இல்லை. ஒலியலை, வயிற்றுக்குள் ஆழமாகக் கிடக்கும் இடுப்புச் சிரைகளைத் தெளிவாகக் காட்டுவதில்லை. குடல் வாயு மறைத்துவிடும். அங்கேதான் ஒரு பெரிய இரகசியம் இருந்தது. ஆழ்சிரை அடைப்பு வலக்காலைவிட இடக்காலில் மிகுதியாக வருவது ஏன்? இடக்காலின் சிரை வயிற்றுக்குள் செல்லும்போது அதன்மேல் வலக்காலுக்குரிய தமனி குறுக்கே படிந்து, பின்னாலுள்ள முதுகெலும்போடு அதனை நசுக்குகிறது. 1957இல் மே, தர்னர் என்னும் இருவர் 430 சடலங்களை ஆராய்ந்து, 22 விழுக்காட்டில் அந்த இடத்தில் சிரைக்குள் தழும்பு போன்ற தடிப்புகளைக் கண்டனர். இத்தகைய அடைப்பை அறிய மருந்து செலுத்திய சி.டி. படமோ, எம்.ஆர்.ஐ. படமோ உதவுகிறது. அடைப்பை நீக்கிக் கம்பிவலைக் குழாய் பொருத்தும்போது, சிரைக்குள் நேரே மருந்து செலுத்தி எடுக்கும் பழைய வகைப் படத்தையே இன்றும் வழிகாட்டியாகக் கொள்கின்றனர். ஆகவே டை வேண்டும் என்று மருத்துவர் சொன்னால் மறுக்க வேண்டுவதில்லை. "டாப்ளர் பார்த்தாயிற்றா? அதில் தெரியாதது எது?" என்று பணிவோடு கேட்கலாம். கேட்பது குற்றமன்று.

மருந்து செலுத்துமுன் நீங்கள் தாமாகவே கூற வேண்டியவை சில உண்டு. சிறுநீரகக் கோளாறு இருந்தால் கூறுக. இரத்தத்தில் கிரியேட்டினின் பார்த்தபின்னரே செலுத்துவர். சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் உண்போரும், கருவுற்றிருப்போரும், முன்னர் இத்தகைய ஊசியால் தடிப்போ மூச்சுத்திணறலோ ஏற்பட்டவரும் மறைக்கலாகாது. இறால், நண்டு ஒத்துக்கொள்ளாதவருக்கு அயோடின் மருந்தும் ஆகாது என்றொரு நம்பிக்கை பரவியுள்ளது. இறால் ஒவ்வாமை அதிலுள்ள புரதத்தால் வருவது, அயோடினால் அன்று. எம்.ஆர்.ஐ. படத்திற்குச் செலுத்துவது அயோடின் அன்று, கடோலினியம். சிறுநீரகம் மிகவும் பழுதுற்றோருக்கு அதன் சில வகைகள் தோலையும் உறுப்புகளையும் இறுகச் செய்யும் என்பது 2006இல் தெரியவந்தது.

தாய்மார்கள் இதனை உற்றுக் கேட்க வேண்டுகிறோம். ஒரு கால் மட்டும் திடீரென்று வீங்கி, கெண்டைக்கால் கனத்து வலித்தால், அதுவும் மகப்பேறு ஆகி ஆறு வாரத்திற்குள்ளோ, அறுவைக்குப் பின்னோ, எலும்பு முறிந்து கட்டுப்போட்டுப் படுத்திருந்தபோதோ, புற்றுநோய்ச் சிகிச்சையின் இடையிலோ வந்தால், எண்ணெய் தடவி நீவி விடாதீர்கள். சுளுக்கு என்று எண்ணி உருவிவிடுவது நம் வீடுகளில் அன்பின் அடையாளம். உள்ளே கட்டி இருக்குமாயின் அந்த நீவலால் அது பெயர்ந்து, இதயத்தின் வழியே நுரையீரலை அடைத்துவிடக்கூடும். மூச்சு வாங்குதலும், நெஞ்சு வலியும், சளியில் இரத்தமும் அதற்கு அறிகுறிகள். அப்போது நாளையென்று தள்ளாமல் 108 வண்டியை அழைக்க வேண்டும்.

கால் வீங்கியவுடன் 'யானைக்கால்' என்று முடிவு கட்டிவிடுவதும் நம்மிடையே உண்டு. யானைக்கால் கொசுவால் பரவும் புழுவினால் நிணநீர்க் குழாய்கள் கெடுவதால் மெல்ல மெல்ல வருவது. சிரை நோய் வேறு. நம் தெருவில் ஒரு பெரியவர் பதினோரு ஆண்டுகள் கணுக்காற் புண்ணோடு இருந்தார். யானைக்கால் என்று ஊரார் சொல்லிவிட்டதால் திருமண வீடுகளுக்கும் வராமல் ஒதுங்கியிருந்தார். வேப்பிலை அரைத்துக் கட்டினார், களிம்புகள் வாங்கினார். கடைசியில் டாப்ளர் பார்த்தபோது, பழைய கட்டியொன்று ஆழ்சிரையின் கதவுகளைச் சிதைத்திருப்பது தெரிந்தது. அவருக்கு அறுவை ஏதும் செய்யவில்லை. பாதத்திலிருந்து முழங்கால் வரை நான்கு மாதம் முறையாக இறுக்கக் கட்டுப் போட்டனர். புண் ஆறியது. சென்ற தை மாதம் பேத்தியின் திருமணத்தில் முன்வரிசையில் அமர்ந்திருந்தார்.

கடைகளில் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு செய்தி. 2018இல் கேரளத்திலும், 2021இல் தமிழகத்திலும் கடைகள், நிறுவனங்கள் சட்டம் திருத்தப்பெற்று, பணியாளர்க்கு இருக்கை அளித்தல் கட்டாயமாக்கப்பட்டது. வேலைக்கிடையே வாய்ப்புக் கிட்டும்போது உட்கார உங்களுக்கு உரிமையுண்டு. இருக்கை இருந்தும் உட்கார அஞ்சுவோர் பலர் என்பதை நாம் அறிவோம். உட்கார முடியாத நேரத்தில் குதிகாலை உயர்த்தித் தாழ்த்துங்கள், கெண்டைக்கால் பிழியும்.

மேனிலைப் பள்ளியில் அறிவியல் பயிலும் மாணவ மாணவியர் அனைவருக்கும் மருத்துவராகும் வாய்ப்புக் கிட்டுவதில்லை. கதிர்ப்படம் எடுக்கும் நுட்பநர்க்கான படிப்பு நம் மாநிலத்து அரசு மருத்துவக் கல்லூரிகளில் உள்ளது. இருட்டறையில் படச்சுருள் கழுவிய காலம் போய், எல்லாம் கணினித் திரைக்கு வந்துவிட்டது. இச்சங்கத்தின் படிப்பகத்தில் அப்படிப்புகளின் விண்ணப்ப நாள்களை எழுதி ஒட்டுமாறு செயலாளரை இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

இறுதியாக ஒரு சிறு வேண்டுகோள். மருத்துவமனையில் தரும் படத்தையும் அறிக்கையையும் ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள். இரண்டாண்டுகள் கழித்து அதே கால் மீண்டும் வீங்கினால், புதிய கட்டியா பழைய தழும்பா என்று அறிய மருத்துவர் முதலில் கேட்பது பழைய படத்தைத்தான். அறிக்கையிலுள்ள சொற்கள் விளங்காதோர் ஞாயிறுதோறும் காலை படிப்பகத்திற்குக் கொண்டு வரலாம். நாமும் நண்பர்களும் இருந்து படித்துச் சொல்வோம்.